அப்பாவின் காலடிக்கு ஒரு சென்சார்

அப்பாவை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிவிடு என்று எனக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு மதியம் அவரோடு இருந்து பார்த்தவர் இல்லை. கத்தாரில் வேலை பார்க்கும் தம்பி போனில் சொன்னான். பக்கத்து வீட்டு மாமி மதிலில் சாய்ந்துகொண்டு சொன்னார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த ஒரு சொந்தக்காரர்கூடச் சொன்னார். பூட்ட மாட்டேன் என்றேன். பிறகு என்னதான் செய்வாய் என்று கேட்டார்கள். அன்றைக்கு என்னிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காகப் பூட்டிவிட முடியுமா?

அப்பாவுக்கு மறதி வந்து நாளாகிவிட்டது. அம்மாவை சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. என்னை யாரோ ஆபீசிலிருந்து வந்தவள் என்று நினைத்து உட்காரச் சொல்வார். ஆனால் ஒன்றை மட்டும் மறக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கண் அசந்ததும் எழுந்து போய் சானலில் மடையைத் திறந்து வாழைக்குத் தண்ணீர் விட வேண்டும். அந்த வாழைத்தோட்டத்தை விற்று, வாங்கியவர் அதில் மாடி வீடும் கட்டிவிட்டார். அப்பாவின் கணக்கில் அங்கே இன்னும் வாழைதான் நிற்கிறது.

சானல் என்றால் அணைத் தண்ணீர் வருகிற கால்வாய். புதுக்கடைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ரோட்டைத் தாண்டினால் அதன் கரை. கோடையில் அதில் ஒன்றும் இருக்காது. அப்பா போய்க் காய்ந்த தரையில் நின்று யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார், யாராவது கூட்டி வருவார்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கதை வேறு. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர், சுவரெல்லாம் பாசி, நடுவில் நெஞ்சளவு ஓட்டம். அப்பாவுக்கு ஒரு தடவை லேசாகப் பக்கவாதம் வந்துபோனதிலிருந்து இடது கால் இழுக்கும். வழுக்கினால் அவ்வளவுதான்.

நான் ஓர் என்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் டெக்னீஷியன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். காலை முழுக்க அவர் பின்னால் நடந்து அலுத்து, மதியம் மாத்திரை போட்டு, ஹாலில் கிடக்கும் கட்டிலில் படுத்தால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில்தான் அப்பா எழும்புவார்.

ஆக எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா அறையைவிட்டுக் கால் எடுத்து வைத்ததும் அம்மா எழும்ப வேண்டும். அணை திறப்பதற்குள் இது நடக்க வேண்டும்.

தம்பி உடனே கேமரா என்றான்.

"அக்கா, ஒரு கேமரா வாங்கி மாட்டு. நான் இங்கயிருந்தே பாத்துக்கேன்."

"நீ பாத்து என்னலே செய்வ? அங்கயிருந்து கைய நீட்டிப் பிடிப்பியா?"

"பாத்தா ஒனக்கு போன் போடுவேன்லா."

"நீ எனக்குப் போடு. நான் அம்மைக்குப் போடுகேன். அம்மை எழும்பிக் கண்ணாடியத் தேடட்டும். அதுக்குள்ள அவிய சானல்ல நீந்திக்கிட்டு கெடப்பாவ."

"நீ எப்பமும் இப்படித்தான் பேசுவ."

இப்படித்தான் பேசுவேன். கேமராவை நான் வேண்டாம் என்றதற்கு வேறு காரணமும் உண்டு. அப்பா உடுத்துகிற சாரம் இடுப்பில் நிற்பதில்லை. எங்கள் முன்னால் தோளில் துண்டு இல்லாமல் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர் அவர். அவர் இப்போது கிடக்கிற கிடப்பை கத்தாரில் ஒரு ரூமில் ஒருவன் போனில் பார்ப்பதும், கூட இருக்கிறவர்கள் என்னடே அது என்று எட்டிப் பார்ப்பதும் எனக்குச் சம்மதமில்லை. எனக்கு அவரைப் பார்க்க வேண்டாம். அவர் நடக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

காலடியைக் கண்டுபிடிக்க சந்தையில் ஆயிரம் சாதனம் உண்டு. தரைக்குள் நடக்கும் அதிர்வையெல்லாம் அளக்கிற நல்ல கருவிகளும் உண்டு. அவற்றின் விலை எங்கள் வீட்டுக்கு ஆகாது. தம்பியிடம் கேட்டால் அனுப்புவான். கூடவே யோசனையும் அனுப்புவான். அதனால் கேட்கவில்லை. பையன்கள் புராஜெக்ட் முடித்துவிட்டு லேபில் எறிந்துவிட்டுப் போன சாமான்களில் சிலதை ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். மீதியை மார்த்தாண்டத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன். எல்லாம் மலிவான சாமான். மலிவு என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வைத்தது உடம்புச் சூட்டைப் பார்க்கிற சென்சார். கடைகளிலும் பாங்குகளிலும் ஆள் வந்தால் தானாக லைட் எரிகிறதே, அதற்குள் இருப்பது. சுவரைவிட ஆளின் உடம்பு சூடாக இருந்து, அந்தச் சூடு நகர்ந்தால் அதற்குத் தெரியும். கோடை மதியத்தில் எங்கள் கான்கிரீட் கூரைக்குக் கீழே சுவரும் ஒன்றுதான், மனிதனும் ஒன்றுதான். அதோடு, தனக்கு நேராக மெல்ல வருகிற ஆளை அது சரியாகப் பார்க்காது. அப்பா மெல்லத்தான் வருவார். அவரை விட்டுவிட்டது. அம்மா கட்டிலில் புரண்டு படுத்தபோது பிடித்தது. பூனை ஓடியபோது பிடித்தது.

"ஒனக்க சாதனத்துக்கு பூச்சைதான் அப்பனா?" என்று அம்மா கேட்டாள்.

அடுத்தது உள்ளே ஸ்பிரிங் வைத்த அதிர்வு ஸ்விட்ச். அதைத் தரையில் வைத்துப் பக்கத்தில் நான் குதித்தாலும் அது அசையவில்லை. எறிந்துவிட்டேன். அதற்கடுத்து, செல்போனுக்குள் இருக்கிற மாதிரி அசைவை அளக்கும் சின்ன சிப். அது ரோட்டில் போகிற லாரியைச் சொன்னது, வெறுங்காலோடு பக்கத்தில் நடந்த அப்பாவைச் சொல்லவில்லை. அதைத் திட்டிப் பயனில்லை. அப்பாவின் அறையில் பழைய சிமெண்டுத் தரை. கீழே முழுக்க மண் நிரப்பு. வெறுங்கால் அதில் வைத்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். மைக் வைக்கலாம் என்று நினைத்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் பிராகுறதும் அதுல கேக்குமா?"

"நீ யாரப் பிராகுற?"

"எல்லாத்தையும்தான்."

வாய்விட்டுச் சபிக்கிற அந்த உரிமையாவது அவளுக்கு இருக்கட்டும் என்று மைக்கை விட்டுவிட்டேன். முன்பக்கத்துத் தகர ஷீட்டில் மழை விழுந்தால் மைக்குக்கு வேறு ஒன்றும் கேட்கப்போவதும் இல்லை.

அப்புறம்தான் பாய் யோசனை வந்தது. இரண்டு அலுமினியத் தாள், நடுவில் ஓட்டை போட்ட மெத்தைப் பஞ்சு. மேலே மிதித்தால் தாள்கள் இரண்டும் ஓட்டை வழியாகத் தொட்டுக்கொள்ளும், கரண்ட் போகும். இதைவிட எளிதான சென்சார் உலகத்திலேயே கிடையாது. அப்பாவின் அறைவாசலில் போட்டு, மேலே ஒரு கோரைப்பாயை விரித்தேன். நான் மிதித்தேன், லைட் எரிந்தது. அம்மா மிதித்தாள், எரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக் கட்டன்சாயா போட்டுக் குடித்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா வாசலுக்கு வந்தார். கீழே பார்த்தார். நின்றார். சுவரில் கையை ஊன்றி, பாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்சம் இடத்தில் காலைப் பக்கவாட்டில் வைத்து, வைத்து, பாயைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். லைட் எரியவில்லை. திரும்பக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி நடக்க விட்டேன். மறுபடியும் சுற்றிக்கொண்டுதான் வந்தார். நான் கையைப் பிடித்துப் பாயின் மேல் நடத்தப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"கண்ணு தெரியாதா ஒனக்கு? நல்லமிளகு கெடக்குல்லா."

"மிளகு எங்கப்பா இருக்கு? வெறும் பாய்லா."

"மிதிச்சா பிறவு எவன் வாங்குவான்?"

எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் மழை வந்தால் முற்றத்தில் காய்ந்ததெல்லாம் பாயோடு உள்ளே வரும். நல்லமிளகு, கிராம்பு, பாக்கு, எல்லாம் ஹாலிலும் அறையிலும் பரந்து கிடக்கும். நாங்கள் சுவரோரமாக நடந்து போவோம். நடக்கப் படிக்கிற வயதிலேயே முதுகில் ஓர் அடி கிடைத்து இது படிந்துவிடும். நானும் அப்படித்தான் நடப்பேன். விரித்துக் கிடக்கிற எதையும் இன்றுவரை கால் தானாகச் சுற்றிக்கொண்டுதான் போகும். இது தெரிந்த நானே அவர் மிதிப்பார் என்று பாயை விரித்தேன். சோதித்தபோது நானும் அம்மாவும் வேண்டுமென்றே மிதித்தோம். வேண்டுமென்றே மிதிப்பது வேறு, நடப்பது வேறு.

பாயை எடுத்துவிட்டு ரெக்சின் துண்டு போட்டுப் பார்த்தேன். அதையும் சுற்றினார். சாக்கு போட்டேன், சுற்றினார். இந்த மனிதர் பெண்டாட்டியின் முகத்தை மறந்திருக்கிறார், தரையில் காயும் மிளகை மறக்கவில்லை. கோபத்தில் அலுமினியத் தாளைக் கசக்கி வெளியே எறிந்தேன்.

அந்த வாரமே அவர் மறுபடி போய்விட்டார். பக்கத்து வீட்டு மாமிதான் சானல் கரையிலிருந்து கூட்டி வந்தார். அன்று மதியத்தோடு காலேஜ் முடிந்து, நான் அப்போதுதான் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தேன். எங்கள் வாசலில் வைத்து அம்மாவிடம் சொன்னார்:

"மயினி, துணி எடுக்க வந்ததுனால நான் கண்டேன். நாளைக்கு யாரு காணுவா? வெள்ளம் விட்டாச்சுண்ணா என்ன செய்விய?"

அம்மா அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மாமி என் பக்கம் திரும்பினார்.

"காலேஜ்ல வேல பாக்குற. ஒரு பூட்டு வாங்க அறியாதா மக்களே?"

"பூட்டு வாங்க அறியும் மாமி. போடத்தான் மனசில்ல."

"மனசு பாத்து இருந்தா ஆளு போயிரும்."

அவர் சொன்னது தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பேப்பரில் வேறு, அணை திறக்கப்போவதாகச் செய்தி வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சாமான்களையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது சென்சாரைத்தான். அப்பாவின் காலைப் பார்க்கவே இல்லை. ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். அது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் காலை மட்டும் பார்த்தேன்.

அவர் அறைவாசலில் மரநிலை. கீழே உயரமான மரப்படி. அந்தப் படியை அவர் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்பதும் முதுகில் அடி வாங்கிப் படித்ததுதான். வலது கையால் நிலையைப் பிடிப்பார். வலது காலைத் தூக்கி அந்தப்பக்கம் வைப்பார். உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில் விழும். அப்புறம் இடது கால் படியில் தட்டி, உரசிக்கொண்டு இறங்கும். தொம், பிறகு சர்ர். மறுபடி பார்த்தேன். அதே இடம், அதே சத்தம். எத்தனை தடவை வந்தாலும் வலது கால் விழுந்தது ஒரே டைல்ஸில்தான்.

அந்த டைல்ஸ் தம்பியின் காசில் ஹாலுக்கு மட்டும் போட்டது. போட்ட கொத்தனார் சிமெண்டை மிச்சம் பிடித்து, நாலு மூலையில் ஒட்டுப் போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டான். தட்டினால் பாதி டைல்ஸ் அடியில் காலியாக, பொள்ளலாகக் கேட்கும். தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்து அவனை ஏசுவான். நான் குனிந்து விரல் முட்டியால் வாசல் டைல்ஸைத் தட்டினேன். மேளம் மாதிரி கேட்டது. முதல்முறையாக அந்தக் கொத்தனார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பொள்ளலான டைல்ஸுக்கு ஏற்ற சாமான் என் டப்பாவிலேயே கிடந்தது. பித்தளைக் காசு மாதிரி மெல்லிசாக ஒரு வில்லை. பாட்டுப் பாடுகிற பொம்மைகளுக்குள் சத்தம் போடுவது இதுதான். கரண்ட் கொடுத்தால் அதிரும். நாம் அதை அதிர வைத்தால் அது கரண்ட் கொடுக்கும். பீசோ என்பார்கள். நான் வாங்கிய எல்லாவற்றிலும் மலிவானது அதுதான். அதனாலேயே அதைக் கடைசிவரை கையில் எடுக்கவில்லை.

டைல்ஸின் ஓரத்தில், கதவுக்குப் பின்னால் கால் படாத மூலையில் அதை ஒட்டினேன். முதலில் இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டியது வீண். டேப் மெத்தென்று இருந்து அதிர்வையெல்லாம் தின்றுவிட்டது. கல் மாதிரி இறுகுகிற பசையில் ஒட்டியதும் தெளிவாக வந்தது. அடுத்து அவசரத்தில் வில்லையை நேராக, புரோகிராம் ஓடுகிற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் கொடுத்தேன். அதே டைல்ஸ் மேல் அம்மா அம்மிக் குழவியைத் தொப்பென்று வைத்தாள். போர்டு போய்விட்டது. அவ்வளவு சின்ன வில்லை அடி விழுந்தால் அவ்வளவு வோல்ட்டைக் கொடுக்கும். லேபில் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. அடுத்த போர்டுக்கு முன்னால், அந்த வோல்ட்டை அடக்க, குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டேன்.

புரோகிராம் எழுதியது ஒரே ஓர் இரவு வேலை. பெரிய தட்டு ஒன்று வர வேண்டும், அதை ஒட்டி நீளமாக ஓர் உரசல் வர வேண்டும். இரண்டும் வந்தால் அப்பா. தட்டு, தட்டு என்று வந்தால் அம்மா. விடாமல் ஒரே சீராக இரைந்தால் கிரைண்டர். பூனையின் கால் அதற்குத் தெரியவே தெரியாது. இன்டர்நெட் கிடையாது, போன் கிடையாது. ஒரு வயர், அம்மாவின் கட்டில்வரை.

முதலில் அந்த வயரின் முனையில் ஒரு மணி வைத்துப் பார்த்ததில் அப்பா பயந்து தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். அன்றே மணியைக் கழற்றினேன். செத்துப்போன ஒரு செல்போனிலிருந்து அதிர்கிற மோட்டாரை எடுத்து அம்மாவின் தலையணை உறை மூலையில் வைத்துத் தைத்தேன்.

"தலைக்கடியில வண்டு கெடந்து துடிக்குதுட்டி."

"துடிச்சா எழும்பணும். அதுக்குத்தான்."

அவள் எழும்பினாள். இரண்டாம் நாள் அந்த உறையைக் கழற்றி, சோப்பில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் மாமி மதிலுக்கு வந்து நின்றார். "உறைன்னா தொவைக்க வேண்டாமா?" என்று அம்மா அவரிடம் நியாயம் கேட்டாள். இன்னொரு போனைத் தேடிப் பிடித்து உடைத்தேன். இந்த முறை உறைக்குள் தைக்காமல், தனியாக ஒரு துணிப்பையில் வைத்துத் தலையணைக்கு அடியில் செருகினேன்.

அணை திறந்தார்கள். சானலில் தண்ணீர் வந்த அன்று லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஆனால் ஒன்றுக்கும் கை கொடுக்கக் கூடாது என்று அடுக்களையிலேயே உட்கார்ந்துகொண்டேன். நான் இல்லாத நாளில் நடப்பதுதான் நடக்க வேண்டும். அம்மா மாத்திரை போட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அப்பாவின் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழும்பினார். நிலையைப் பிடிக்கிற கையைப் பார்த்தேன். தொம், சர்ர். தலையணைக்கு அடியில் மோட்டார் துடித்தது. அம்மாவின் குறட்டை நின்றது. அவள் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தபோது அப்பா முன்வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

நான் ஓடிப்போய் அவரைப் பிடித்து நிறுத்தப் போனேன். அதற்குத்தானே இவ்வளவும் செய்தேன்.

"பிடிக்காத" என்றாள் அம்மா. "பிடிச்சா முறுக்குவாவ. விடு."

"விட்டா சானலுக்குப் போவாவ அம்மா. வெள்ளம் கெடக்கு."

"எனக்கும் தெரியும். நீ எழுப்பத்தானே சாதனம் வச்ச? எழும்பியாச்சு. இனி எனக்க பாடு."

அவள் முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பைப் போட்டு, கதவுக்குப் பின்னால் கிடந்த குடையை எடுத்தாள். அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போய் நடந்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். சானல் கரையில் தண்ணீர்ப் பக்கம் அவள் நின்றுகொண்டு, ரோட்டுப் பக்கம் அவரை நிறுத்தினாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளம் வந்தாச்சு."

"வந்தாச்சுல்லா."

"மடை?"

"தொறந்தாச்சு. வேலக்காரன் வந்து தொறந்துட்டுப் போனான்."

"வாழைக்குப் பாயுதா?"

"நல்லா பாயுது. வாங்க, வெயிலு."

அவர் திரும்பினார். யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் நின்ற மாமி, "எங்க மயினி, ரெண்டு பேரும் காத்து வாங்கியளா?" என்று கேட்டார். "ஆமா, நீயும் வா நாளைக்கு" என்றாள் அம்மா.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான்.

"சாதனம் வேல செய்யுதா?"

"செய்யுது."

"அப்பம் அப்பா வெளிய போவலியே?"

"போனாவ. அம்மையும் கூட போனா."



"பின்ன எதுக்கு அது?"

"அம்மை கூடப் போறதுக்குத்தாம்லே."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, பூட்டைப் பற்றி அன்று பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

இருட்டும்போது மழை பிடித்தது. ஷீட்டில் அடித்த அடி டைல்ஸ்வரை வருகிறதா என்று போர்டைப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. சில நேரம் அது உரசல் மாதிரியே இருந்தது. மழை நாளில் அம்மாவைச் சும்மா சும்மா எழுப்பினால் ஒரு வாரத்தில் அவள் அந்தப் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தட்டு எவ்வளவு பலமாக விழுந்தால் கணக்கு என்ற அளவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். பிறகு அப்பாவை எழுப்பி, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன். அவர் நிலையைப் பிடித்து, காலைத் தூக்கி, அந்தப்பக்கம் வைத்தார். துணிப்பை துடித்தது. மழை இன்னும் பலமாக அடித்தது. பை சும்மா கிடந்தது.

நாளைக்கு நான் காலேஜுக்குப் போக வேண்டும். மதியம் அம்மா எழும்ப வேண்டும்.